வினைமுற்று

ஜுபைலுக்கு வந்து ஒன்பது வருடம்.
அரபியில் எனக்குத் தெரிந்தது பதினொரு சொல்.
அதில் நான்கு வசவு.

ஒரு மொழியைக் கற்க அதிலேயே மூழ்கிக் கிட என்று
முதல் பாடத்தில் இருந்தது.
கழுத்தளவு அரபியில் நின்றபடி
ஜப்பானியத்தில் மூழ்க இடம் தேடினேன்:
ஆறங்குல அகலக் கைபேசி.

கடலைக் குடிநீராக்கும் ஆலையில் இரவு வேலை.
மூன்றாம் பம்பின் மஞ்சள் தகட்டில் இரண்டு எழுத்து.
முதல் எழுத்தில், பாறை விளிம்பில்
ஒருவன் குந்தியிருந்தான்.
ஆபத்து என்று அர்த்தமாம்.
ஆறு வருடம் அதன்மேல்தான்
தேநீர்க் குவளையை வைத்திருக்கிறேன்.

அங்கே பிடித்தது கிறுக்கு.

விடிகாலை பஸ்ஸில் சொல் அட்டைகள், நாளுக்கு இருபது.
மறந்த சொல் மறுநாளே வந்து கதவைத் தட்டும்.
நினைவில் நின்றது நான்கு நாள் விட்டு,
பதினொரு நாள் விட்டு, மாதம் விட்டு,
நாணயம் தெரிந்துவிட்ட வட்டிக்காரன் மாதிரி
எப்போதாவது எட்டிப்பார்க்கும்.
சமையல் தொடர் ஒன்று பார்த்தேன்,
திரையின் அடியில் வரும் எழுத்துகளை
கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மூடிவிட்டு.
செய்தி வாசிக்கும் பெண்ணுக்கு
அரை விநாடி பின்னால் நானும் முணுமுணுத்தேன்.
ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்து
தில்பகதூர் டிவி சத்தத்தைக் குறைத்தான்.

அவோமோரியில் எத்தனை அடிப் பனி
எனக்குத் தெரியும்.
இங்கே புழுதிக்காற்று வருவதை
சவரிமுத்து சொல்லித்தான் தெரியும்.

அந்நியம் என்று நினைத்தது
உள்ளே போனால் நம் வீட்டு அமைப்பு.
அவர்களும் 'என்று' வைத்துத்தான் நினைக்கிறார்கள்.
நம் 'உம்' அங்கே 'மோ'.
வினை கடைசியில்.
ஆமாவா இல்லையா என்பது
அதற்கும் கடைசியில்.
அதுவரை வாயைப் பார்த்துக்கொண்டு
நிற்க வேண்டும்.

அறுநூற்றுப் பன்னிரண்டாம் நாள்
பம்பைப் பிரிக்க வந்தார்கள்,
ஹோன்மா என்ற பெரியவர்,
குசகாபே என்ற இளையவர்.
வணக்கத்தை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு
தேநீர்த் தட்டோடு போனேன்.
பெரியவர் வரைபடத்தைப் பார்த்தபடி சொன்னார்:
ராய்நென்.
அடுத்த வருடம்.
யாகின் வா.
இரவுப் பணிக்கு.
சன்னின் மோ.
மூன்று பேரும்...
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
இரானாய்.

புரிந்துவிட்டது!
அகராதி இல்லை, டேப் இல்லை,
தமிழுக்குள் இறக்கிவைக்கக்கூட இல்லை,
நேராக வந்து உட்கார்ந்துகொண்டது.
பள்ளிக்கூடத்தில் சைக்கிளை விட்ட கை போல
ஒரு சந்தோஷம்.
இரண்டு விநாடி இருக்கும்.
பிறகுதான் எண்ணிப்பார்த்தேன்,
இரவுப் பணியில் நாங்கள் மூன்று பேர்.

டீ, வெரி குட், என்றார் ஹோன்மா
கையைக் காலைக் காட்டி, எனக்குப் புரியும்படி.
தலையாட்டினேன்.
அத்தனை நாள் சேர்த்த வணக்கம்
தட்டோடு திரும்பி வந்தது.

என்ன சொன்னான் ஜப்பான்காரன், என்றான் சவரிமுத்து.
டீ நல்லா இருக்காம்.

திரும்பும் பஸ்ஸில் வழக்கம்போல் அட்டைகள்.
ஏழாவதாக அதே சொல்.
கடைக் கல்லாப்பெட்டி முன்னால் சொல்ல வேண்டியது
என்று போன வருடம் நானே எழுதிச் சேர்த்த உதாரணம்:
பை இரானாய். பை வேண்டாம்.

கடினம், எளிது என்று இரண்டு பொத்தான்.
பொய் சொல்ல முடியவில்லை.
எளிதை அழுத்தினேன்.
இனி எட்டு மாதம் கழித்துத்தான்
இந்தச் சொல்லைக் கேட்குமாம்.

தில்பகதூர் என் தோளில் தூங்கிவிட்டிருந்தான்.
கேம்ப் கேட் வந்தது.
இன்னும் பதின்மூன்று அட்டை பாக்கி.